லீவரைத் தொடாமல் ஆஃப்ரோடு வீரர் ஆவது எப்படி?

ஃபுல் டைம் ஃபோர் வீல் டிரைவா, பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவா? இந்தக் கேள்வியில் ஏதாவது ஒரு கட்சியில் சேராமல் உயரமான வண்டி வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆர் டீக்கடையில் நாலு பேர் நடுவே நிற்க முடியாது. மகாபலிபுரம் வரை போய்ப் பொங்கல் வடை சாப்பிட்டுத் திரும்பும் வீரர்களின் அந்தச் சங்கடத்தைப் போக்கவே இந்த வழிகாட்டி. உங்கள் வண்டி மண்ணைப் பார்ப்பது கல்யாண மண்டபத்து பார்க்கிங்கில் மட்டும்தான் என்றாலும் கவலை வேண்டாம். முறையாகப் பின்பற்றினால் ஒரு முறைகூட லீவரைத் தொடாமல் பெரிய அனுபவஸ்தர் என்று பெயர் வாங்கிவிடலாம்.

படி 1: வண்டிக்கு முன்னால் கட்சியைத் தேர்ந்தெடுங்கள்

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா, இசுஸு வி-கிராஸ் எல்லாம் பார்ட் டைம் கட்சி. லேண்ட் க்ரூஸர், டிஃபெண்டர், பென்ஸ் ஜி-கிளாஸ் எல்லாம் ஃபுல் டைம் கட்சி. இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்தில் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாம். ஆகவே நீங்கள் எந்தக் கட்சி என்பதை உங்கள் பேங்க் மேனேஜர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். அந்த முடிவுக்கு நீங்களே சிந்தித்து வந்த மாதிரி பேசப் பழகுவதுதான் முதல் பாடம்.

பார்ட் டைம் வாய்த்தவர்கள், "எவ்வளவு குறைவா பார்ட்ஸ் இருக்கோ அவ்வளவு குறைவா கெட்டுப்போகும்" என்று சொல்லுங்கள். ஃபுல் டைம் வாய்த்தவர்கள், "மழை வந்தா எதையும் தொட வேண்டாம், வண்டியே பார்த்துக்கும்" என்று சொல்லுங்கள். இரண்டுமே உண்மை. அதனால்தான் சண்டை ஓய்வதில்லை.

படி 2: வாதத்துக்கு வேண்டிய அளவு அறிவியல்

வளைவில் திரும்பும் வண்டியின் நாலு சக்கரமும் நாலு வேறு தூரம் ஓடுகின்றன. வயலில் ஏர் மடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. உள்மாடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கால் மாற்றும், வெளிமாடு எட்டிச் சுற்றி நடக்கும். இரண்டும் சமமாகத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும் என்று உழவர் அடம்பிடித்தால் நுகத்தடி தாங்காது. வண்டியில் அந்த விட்டுக்கொடுத்தலைச் செய்வது டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரக் கூட்டம். முன் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒன்று, பின் இரண்டுக்கு நடுவே ஒன்று.

பிரச்னை என்னவென்றால், முன்னச்சும் பின்னச்சும்கூட வளைவில் ஒரே தூரம் ஓடுவதில்லை. முன்சக்கரங்கள் அகல வட்டம் போடும், பின்சக்கரங்கள் உள்வாங்கி வரும். இந்த வித்தியாசத்தை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு கட்சிகளும் பிரிகின்றன.

ஃபுல் டைம் அமைப்பில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டிஃபரன்ஷியல் உட்கார்ந்திருக்கும். அதனால் தார் ரோடானாலும் மேம்பாலமானாலும் நாலு சக்கரமும் எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கலாம். பார்ட் டைம் வண்டியில் அந்த மூன்றாவது ஆள் கிடையாது. சாதாரண நாளில் பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும். லீவரைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி முன்னச்சையும் பின்னச்சையும் சேர்த்துப் பூட்டிவிடும். சேறு, மணல், ஜல்லி, பனி இவற்றில் டயர் லேசாக வழுக்கி அந்தத் தூரக் கணக்கை நேர் செய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லை. அந்த முறுக்கு மொத்தமும் ஷாஃப்ட்டிலும் பல்சக்கரங்களிலும் போய் ஏறும்.

விஷயம் இவ்வளவுதான். இதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தால் மிச்ச ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது? ஆகவே முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் எஞ்சின் சக்தி பிரியும் விகிதத்தை, நடுநடுவே "டார்க் ஸ்பிளிட்" என்று தூவுங்கள். "எத்தனைக்கு எத்தனை மச்சி?" என்று எவனாவது கேட்டால், "அது டெரெய்னைப் பொறுத்ததுடா" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றுங்கள்.

படி 3: வரலாற்றைக் கையில் எடுங்கள்

பார்ட் டைம் கட்சிக்கு ஆயுதம் 1941. அந்த ஆண்டு அமெரிக்க ராணுவத்துக்காக உற்பத்திக்கு வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லீவர்கள். ஒன்று முன்னச்சைச் சேர்க்க, இன்னொன்று மெதுவாக ஊர்ந்து பலமாக இழுக்கும் லோ ரேஞ்சுக்கு. "வேர்ல்ட் வாரையே பார்ட் டைம்லதான் ஜெயிச்சாங்க" என்று சொல்லும்போது, நீங்களும் அந்த வண்டியில் பின்சீட்டில் இருந்த மாதிரி குரல் கொஞ்சம் தழுதழுக்க வேண்டும்.

ஃபுல் டைம் கட்சிக்கு ஆயுதம் 1970. அந்த ஆண்டு வந்த ரேஞ்ச் ரோவரில் நிரந்தர ஃபோர் வீல் டிரைவும், தேவைப்பட்டால் பூட்டிக்கொள்ள நடு டிஃபரன்ஷியலும் இருந்தன. "அது பணக்காரன் வண்டிடா" என்று எதிர்க்கட்சி மடக்கினால் 1977-க்குத் தாவுங்கள். சோவியத் நாட்டின் லாடா நிவா எளியவர்களுக்கான வண்டி. அதிலும் ஃபுல் டைம், நடு டிஃபரன்ஷியல் லாக், லோ ரேஞ்ச் மூன்றும் உண்டு. 1980-ல் வந்த ஆடி குவாட்ரோ நிரந்தர ஃபோர் வீல் டிரைவை ராலி பந்தயத்துக்குள் கொண்டுபோனதையும் சேர்த்துக்கொண்டால் இன்னொரு டீ உறுதி.

இரண்டு கட்சியும் மூடி மறைக்க வேண்டிய ஆண்டு ஒன்று இருக்கிறது: 1948. முதல் லேண்ட் ரோவர் வந்தபோது நாலு சக்கரமும் நிரந்தரமாகத் தள்ளும் வண்டியாகத்தான் வந்தது, முன்னச்சுப் பக்கம் ஒரு ஃப்ரீவீல் ஏற்பாட்டோடு. கொஞ்ச காலத்திலேயே லீவர் போட்டுச் சேர்க்கும் முறைக்கு மாறினார்கள். 1983-ல் ஒன் டென் வந்தபோது மறுபடி ஃபுல் டைம். ஒரே கம்பெனி இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்துவிட்டது என்பது வெளியே தெரிந்தால் வாதமே படுத்துவிடும். அதே காரணத்துக்காக 1991 பஜேரோவைப் பற்றியும் மூச்சு விடாதீர்கள். இரண்டு விதமாகவும் ஓட்டிக்கொள்ளும்படி 'சூப்பர் செலக்ட்' என்ற அமைப்பை மிட்சுபிஷி அதில் வைத்துவிட்டது. சமரசக்காரர்கள் டீக்கடைக்கு ஆகாது.

படி 4: ஷோரூமுக்குத் தனியாகப் போங்கள்

முக்கியமாக அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள். உரையாடல் இப்படிப் போய்விடும்:

"அதென்னப்பா, பக்கத்துல இன்னொரு கியரு?"

"அது ஆஃப்ரோடுக்கும்மா."

"நம்ம தெரு முனையில மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கானே, அதுக்கா?"

அன்று அந்த ஷோரூமில் கேட்கப்பட்டவற்றிலேயே உருப்படியான கேள்வி அதுதான். பதிலும் சுலபம்: அதுக்கில்லை. குழியில் அடிபடாமல் இறங்கி ஏற வேண்டியது கிரவுண்ட் கிளியரன்ஸ். தாரில் அது 226 மில்லிமீட்டர், ஜிம்னியில் 210. எத்தனை சக்கரம் தள்ளுகிறது என்பது அந்தக் கணக்கிலேயே வராது.

மஹிந்திராவுக்கு இந்த உண்மை நன்றாகத் தெரியும். 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் தள்ளும் தாரைக் குறைந்த விலையில் கொண்டுவந்தார்கள். அதே முகம், அதே மிடுக்கு. "லுக் சேம்தான் சார்" என்பார் விற்பனைப் பையன். அவர் சொல்வது உங்கள் மனசாட்சியின் குரல். கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் ஜிபி ரோட்டுக்குப் போய் பின்கதவில் ஒட்ட ஒரு ஃபோர் பை ஃபோர் ஸ்டிக்கர் வாங்கிக்கொள்ளுங்கள். டீக்கடையில் யாரும் குனிந்து முன்னச்சைப் பார்க்கப்போவதில்லை.

படி 5: பார்ட் டைம் வண்டியைக் கெடுக்கும் முறை

லீவரில் 2 எச் என்றால் பின்சக்கரம் மட்டும், 4 எச் என்றால் முன்னச்சும் சேர்த்து. ஒரு தூறல் நாளில் ஓஎம்ஆரில் 4 எச் போடுங்கள். ஓடும்போதே, 100 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால், 2 எச்சிலிருந்து 4 எச்சுக்கு மாற்றலாம் என்று ஜிம்னி கையேடு அனுமதிக்கிறது. அந்த வரியை மட்டும் படியுங்கள். காய்ந்த கெட்டியான ரோட்டில் ஓட்டாதே என்ற வரியை மற்றவர்கள் படிக்க விட்டுவிடுங்கள். டாஷ்போர்டில் விளக்கு எரியும். பக்கத்தில் இருப்பவருக்கு அதைக் காட்டுங்கள். தூறல் நின்று ரோடு காய்ந்த பிறகும் எடுக்காதீர்கள், அழகாக இருக்கிறது.

இப்போது மாலின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்புங்கள். ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கைத் தொடாமலே வண்டி இழுத்துப் பிடிக்கும். கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் முன்டயர் கான்கிரீட்டில் 'கிறீச்' என்று தேயும், உடனே அடியிலிருந்து 'தடக்' என்று ஒரு துள்ளல். பூட்டிக் கிடக்கும் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும் சத்தம் அது. லீவரை எடுக்கப் பார்த்தால் வராது.

கெடுக்கும் எண்ணம் இல்லாதவர்கள் ஸ்டியரிங்கை நேராக்கி நாலு அடி ரிவர்ஸ் எடுப்பார்கள். முறுக்கு தளர்ந்து லீவர் வெண்ணெயாகக் கழன்று வரும். இந்த வழிகாட்டியின் நோக்கம் அதுவல்ல என்பதால் மேலும் ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். பட்டறைக்காரருக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள்.

படி 6: ஃபுல் டைம் வண்டியை மாட்டவைக்கும் முறை

இதற்குத் தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மாதிரி நல்ல தளர்ந்த மண் வேண்டும். "நாலு சக்கரமும் எப்பவும் தள்ளுது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே விடுங்கள். டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக் பட்டனைத் தொடாதீர்கள். எங்கே பிடிமானம் குறைவோ அந்தப் பக்கம் ஓடுவது டிஃபரன்ஷியலின் பிறவிக்குணம். ஆகவே ஒரே ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினாலோ மணலில் தோண்டினாலோ, மூன்று டிஃபரன்ஷியலும் கூடிப் பேசி எஞ்சினின் சுழற்சி முழுவதையும் அந்தச் சோம்பேறிக்கே அனுப்பிவிடும். கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய நாலு சக்கர வண்டி, அந்த நிமிடத்தில் ஒரு சக்கர வண்டி.

பார்ட் டைம்காரர்கள் சிரிக்க வேண்டாம். 4 எச்சில் உங்கள் முன்னச்சும் பின்னச்சும் பூட்டித்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு அச்சிலும் ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது சும்மா நிற்கும். உங்களுடையது இரண்டு சக்கர வண்டி, அவ்வளவுதான். இரண்டு அச்சிலும் லாக் போட்டால்தான் நாலும் சேர்ந்து தள்ளும். கூர்க்காவில் முன்னும் பின்னும் அப்படி லாக் உண்டு. ஜி-கிளாஸில் நடுவோடு சேர்த்து மூன்று. புதிய வண்டிகள் பலவற்றில் வெட்டியாகச் சுற்றும் சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் போட்டு நிறுத்தி, பிடிமானம் உள்ள சக்கரத்துக்குச் சக்தியைத் திருப்பிவிடும்.

அங்கே பனங்காட்டில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்து, "அண்ணே, டயர்ல காத்த இறக்குங்க" என்பார். அவர் சொல்வது சரி. 30 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 18-க்கு இறக்கினால் டயர் பரந்து படுத்து மணல் மேல் மிதந்து வரும். பாதி நேரம் லாக்கே தேவைப்படாது. இதற்குச் செலவு சைபர், திரும்பக் காற்றடிக்க ஒரு சின்ன பம்ப் இருந்தால் போதும். காசு செலவில்லாத யோசனையை எந்த வீரனும் ஏற்கக் கூடாது. நீங்கள் போய் ஸ்நார்க்கல், வின்ச், கூரை மேல் எட்டு விளக்கு, பின்னால் தொங்க ஒரு காலி ஜெரிகேன் வாங்குங்கள்.

படி 7: இவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. பாறையும் பள்ளமுமாக ஒரு பாதை. அதில் விடியும் முன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப் ஓட்டுநர்களிடம் உங்கள் கேள்வியை எடுத்துச் செல்லாதீர்கள். "அண்ணே, ஃபுல் டைம் நல்லதா, பார்ட் டைம் நல்லதா?" என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும்: "வேணும்கிறப்ப போடுவேன் சார், ரோட்டுக்கு வந்தா எடுத்துடுவேன்." எண்பது ஆண்டு சர்ச்சையை ஒரே வரியில் முடித்துவிடும் மனிதரோடு என்ன பேசுவது?

அவர் இடது கையைக் கவனித்தால் இன்னும் ஆபத்து. கல் மேட்டை ஏறும் முன்னாலேயே வண்டியை நிறுத்தி 4 எல், அதாவது லோ ரேஞ்ச், போட்டுவிடுவார். சிக்கிய பிறகு தேடமாட்டார். லோ ரேஞ்சில் வண்டி பாதி வேகத்திலோ அதற்கும் குறைவாகவோ ஊரும், இழுவை அதே அளவுக்குக் கூடும். ஜிம்னியில் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஜீப் ரேங்லர் ரூபிகானில் நாலு மடங்கு. இறக்கத்திலும் அதே கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. மலைப்பாதைக்கு வேண்டியது அந்த லோ ரேஞ்சும் அதைப் போடும் நேரம் தெரிந்த ஒரு கையும். ஃபுல், பார்ட் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

படி 8: தண்ணீரைக் கண்டால் இறங்குங்கள்

வண்டியிலிருந்து இல்லை, வண்டியோடு. 2023 டிசம்பரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் டிராஃபிக் நெரிசலைத் தவிர்க்க ஒருவர் தாரைச் சந்திரா ஆற்றுக்குள் இறக்கி ஓட்டினார். வீடியோ நாடெங்கும் ஓடியது, போலீஸ் அபராதமும் வீடு தேடி வந்தது. தார் இறங்கக்கூடிய தண்ணீர் ஆழம் 650 மில்லிமீட்டர் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. ஆறு அந்தக் கணக்கைப் படித்திருக்காது.

வெள்ளத்தில் எஞ்சினைக் கொல்வது காற்றுக்குழாய் வழியே உள்ளே போகும் தண்ணீர். ஃபுல் டைமானாலும் பார்ட் டைமானாலும் தண்ணீர் குடித்த எஞ்சின் ஒரே விலையில்தான் பழுதுபார்க்கப்படும். இதைச் சென்னைக்காரர்கள் யாரும் சொல்லித்தராமலே புரிந்துவைத்திருக்கிறார்கள். பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிற்கும் கார்களில், ஃபோர் பை ஃபோர் ஸ்டிக்கர் ஒட்டியவற்றுக்கும் இடம் உண்டு.

படி 9: டிராக்டரை மதியுங்கள்

எல்லாப் படிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் கடைசியில் ஒரு டிராக்டர் வரும். சாதாரணக் கார் சாலையோரத்திலேயே மாட்டிக்கொள்ளும், நாலு பேர் தள்ளினால் வந்துவிடும். உங்களுடையது ஃபோர் வீல் டிரைவ் என்பதால் ஊரைத் தாண்டி, கூப்பிடு தூரத்தையும் தாண்டிப் போய் மாட்டியிருக்கும். ஆகவே வாடகை கூடுதல்.

கயிறு கட்டும்போது அந்த டிராக்டரின் முன்னச்சைக் குனிந்து பாருங்கள். நம் ஊரில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டும் தள்ளுபவை. இரண்டு பெரிய டயர், ஆழமான பட்டை, ஆள் உயர அனுபவம். "லைட்டா ஆக்ஸிலரேட்டர் குடுங்க சார், வேற எதையும் தொடாதீங்க" என்பார் டிராக்டர்காரர். தொடாதீர்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*என் வண்டியில் 'ஏடபிள்யூடி' என்று எழுதியிருக்கிறது. நான் எந்தக் கட்சி?*
சிறிய எஸ்யூவிகளில் பெரும்பாலும் அது வேறு ரகம். ஒரு அச்சு மட்டும் தள்ளிக்கொண்டிருக்கும், வழுக்கினால் கிளட்ச் ஒன்று இன்னோர் அச்சையும் சேர்க்கும். மழை ரோட்டுக்கு நல்லது. லோ ரேஞ்ச் பெரும்பாலும் இருக்காது. டீக்கடையில் ஓரமாக நில்லுங்கள்.

*ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் ஈர ரோட்டில் சீக்கிரம் நிற்குமா?*
நிற்காது. எல்லாக் காரிலும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. சீக்கிரம் கிளம்ப மட்டும்தான் இது உதவும்.

*மைலேஜ்?*
ஃபுல் டைமில் எல்லாப் பல்சக்கரமும் எப்போதும் சுமையோடு சுற்றுவதால் குறையும். பார்ட் டைமில் லீவர் போடாவிட்டாலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் எடையைச் சுமந்தபடிதான் ஆபீஸ் போகிறீர்கள்.

*ஒரே ஒரு டயர் மட்டும் புதிதாகப் போடலாமா?*
கூடாது. புது டயரின் சுற்றளவும் தேய்ந்த டயரின் சுற்றளவும் வேறு. ஃபுல் டைம் வண்டியில் நடு டிஃபரன்ஷியல் நேர் ரோட்டில்கூட அந்த வித்தியாசத்தை ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கும். பார்ட் டைமிலும் 4 எச் போடும்போது இதே சிக்கல் வரும்.

*சரி, கடைசியாக எதைத்தான் வாங்குவது?*
தினமும் மழையும் பனியும் சேறும் மாறி மாறி வரும் ரோட்டில் ஓட்டுபவருக்கு ஃபுல் டைம். மாதம் முழுவதும் தார் ரோடு, எப்போதாவது தோட்டம், மலை, மணல் என்பவருக்குப் பார்ட் டைம் தாராளமாகப் போதும். எப்போதாவதுகூட இல்லை என்பவருக்கு 2023 ஜனவரி வண்டியும் ஸ்டிக்கரும்.

ஏற்கெனவே பார்ட் டைம் வாங்கி வாசலில் நிறுத்தியிருப்பவர்களுக்கு, கிண்டலைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு வார்த்தை. போடாமலே வைத்திருந்தால் முன்னச்சுப் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேராது, தேவைப்படும் நாளில் லீவர் அசையாது. மாதம் ஒரு முறை குறைந்தது 16 கிலோமீட்டர் ஃபோர் வீல் டிரைவில் ஓட்டு என்று டொயோட்டாவின் கையேடே சொல்கிறது. ஏரிக்கரை மண்பாதை ஏதாவது பார்த்து இந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிடுங்கள். ரோட்டில் ஏறும் முன் மறக்காமல் 2 எச்சுக்கு மாற்றிவிடுங்கள்.